பூஜ்யத்தில் நிற்கும் முள்

1

அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்களுக்குள் ஓயாமல் நடந்துவரும் ஒரு சண்டை உண்டு. ஆன்டெனாவை ட்யூன் செய்வதைக் கையால் செய்யவேண்டுமா, இயந்திரத்திடம் விட்டுவிடலாமா என்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குமிழைத் திருகுவதா, பொத்தானை அமுக்குவதா என்ற அற்ப விஷயம். சண்டை போடுகிறவர்களும் பெரும்பாலும் அற்பமாகவே போடுகிறார்கள். ஒரு கட்சி திறமை என்கிறது. மறு கட்சி சௌகரியம் என்கிறது. இரண்டுமே விளம்பரத்தில் படித்து மனப்பாடமான சொற்கள். எனக்கு இதில் ஒரு தார்மீகப் பிரச்சினை இருப்பதாகப் படுகிறது. பலருக்கும் பொதுவான ஒரு வெளியில் வாயைத் திறப்பதற்கு முன் ஒருவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பதே அந்தப் பிரச்சினை.

முதலில் விஷயத்தின் ஸ்தூல உருவத்தைப் பார்த்துவிடலாம். இன்றைய டிரான்ஸ்மிட்டர், தன் வாசலில் 50 ஓம் தடையைச் சந்திப்போம் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. மொட்டைமாடியில் இரண்டு மூங்கில்களுக்கு இடையே கட்டிய செம்புக் கம்பி அந்த எண்ணை மதித்து நடப்பதில்லை. 14.1 மெகாஹெர்ட்ஸுக்கென்று சுமார் 10.1 மீட்டர் நீளத்தில் வெட்டிய டைபோல் அந்த இடத்தில் ஓரளவு ஒத்துப்போகும். அதே கம்பியை 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் முறைத்துக்கொள்ளும். ஒத்துப்போகாத இடத்தில், அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். என்று சொல்லப்படும் விகிதம் 2 என்றால் 11 சதவீதம் திரும்புகிறது. 3 என்றால் 25 சதவீதம். திரும்புவதைக் காட்ட மீட்டரில் ஒரு முள் இருக்கிறது. ட்யூனர் என்பது டிரான்ஸ்மிட்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு காயிலையும் ஒன்றிரண்டு கண்டென்சர்களையும் வைத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் மத்தியஸ்தம் செய்யும் பெட்டி. முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் மத்தியஸ்தம் முடிந்தது என்று அர்த்தம்.

கைட்யூனரில் இந்த மத்தியஸ்தத்தை விரல்கள் செய்கின்றன. இரண்டு கண்டென்சர்களையும் காயிலையும் மாற்றி மாற்றித் திருகவேண்டும். ஒன்று சரியானால் மற்றது கெடும். மறுபடி முதலாவதற்கு வரவேண்டும். தானியங்கிப் பெட்டியில் ரிலேக்கள் இதைச் செய்கின்றன. எட்டுக் காயில்கள், எட்டுக் கண்டென்சர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், சேர்க்கைகள் 65,536. கண்டென்சர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற தேர்வையும் கூட்டினால் 1,31,072. உள்ளே இருக்கும் மைக்ரோபிராஸஸர் இத்தனையையும் முயன்று பார்ப்பதில்லை. தகர டப்பாவுக்குள் கரப்பான் ஓடுவது போன்ற சப்தத்தோடு சில விநாடிகளில் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும் செய்கிறது. மறுமுறை அதே அலைவரிசைக்குப் போனால் ஒரு சொடுக்கு போதும்.

கையின் ஆட்சி ஒரே நாளில் முடியவில்லை. வால்வு டிரான்ஸ்மிட்டர்களின் கடைசிக் கட்டத்தில் இரண்டு குமிழ்கள் இருந்தன. அலைவரிசையை மாற்றும்போதெல்லாம் பிளேட் மின்னோட்டம் குழியும் இடத்தைக் கண்ணால் தேடி அவற்றைத் திருகவேண்டியிருந்தது. ஆன்டெனாவின் சில்லறைக் கோணல்களையெல்லாம் அந்தக் குமிழ்களே விழுங்கிக்கொண்டன. டிரான்ஸிஸ்டர் வந்தபோது குமிழ்கள் போயின. வால்வுக்கு இருந்த பொறுமை டிரான்ஸிஸ்டருக்கு இல்லை. 50 ஓமை விட்டு அதிகம் விலகினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். வால்வு விழுங்கிய கோணலை வேறு யாராவது விழுங்க வேண்டிவந்தது. 1970 ஜூலை க்யூ.எஸ்.டி. இதழில் லூ மெக்காய் வெளியிட்ட 'அல்டிமேட் டிரான்ஸ்மாட்ச்' என்ற கைட்யூனரைப் பலர் வீட்டில் கட்டிக்கொண்டார்கள். 1980களில் தானியங்கி ட்யூனர் ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே வரத் தொடங்கியது. இன்று ரேடியோ வாங்குகிறவன் அதை ஒரு தனிப் பொருளாக நினைப்பதுகூட இல்லை.

2

கையின் சார்பில் சொல்லக்கூடிய நல்ல வாதம் திறமையைப் பற்றியது அன்று, அறிதலைப் பற்றியது.

கைட்யூனர் வைத்திருப்பவன் தன் அறியாமலேயே ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். 7.05இல் இடதுபுறக் கண்டென்சர் 63இல் நிற்கும், காயில் 11ஆவது சுற்றில் நிற்கும் என்று விரலுக்குத் தெரியும். ஒரு நாள் 63இல் முள் இறங்கவில்லை, 48இல் இறங்குகிறது என்றால் வெளியே ஏதோ நடந்திருக்கிறது. இரவு மழையில் கம்பி நனைந்திருக்கும். தென்னை மட்டை விழுந்து ஒரு பக்கம் தொய்ந்திருக்கும். பற்றவைத்த இடத்தில் பச்சை பிடித்திருக்கும். அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறான். தானியங்கியும் இதே வித்தியாசத்தைச் சந்திக்கிறது. சந்தித்து, சரிக்கட்டி, பூஜ்யத்தைக் காட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறது. விசுவாசமான வேலைக்காரன் எஜமானுடைய வீட்டில் கரையான் புகுந்ததை மறைத்து வெள்ளையடித்து வைப்பதைப் போல.

ஹைடெக்கர் 1927இல் வெளியான 'இருத்தலும் காலமும்' நூலில் சுத்தியலைப் பற்றிச் சொன்னது இங்கே பலருக்கும் பரிச்சயம். நன்றாக வேலை செய்யும்வரை சுத்தியல் ஆசாரியின் கவனத்தில் இல்லை, வேலைதான் இருக்கிறது, சுத்தியல் உடையும்போது மட்டும் அது ஒரு பொருளாக எதிரே வந்து நிற்கிறது. இதைக் கொண்டு தானியங்கிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. கருவி மறைந்துபோவதுதானே கருவியின் லட்சணம் என்பார்கள். ஆனால் மறைவதில் இரண்டு வகை இருக்கிறது. ஆசாரியின் சுத்தியல் அவன் கைக்குள் மறைகிறது. கேட்டால் அதன் எடையை, பிடியின் சாய்வை அவனால் சொல்லமுடியும். தானியங்கி ட்யூனர் யாருடைய கைக்குள்ளும் மறையவில்லை. அது எப்போதுமே கையில் இருந்ததில்லை. முதலாவது மறைவு பரிச்சயத்தின் முதிர்ச்சி. இரண்டாவது வெறும் இன்மை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சிந்தனைச் சோம்பல்.

இத்தோடு கையின் வழக்கை முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பழைய கைவினைப் புலம்பல்களோடு இன்னொன்றாகச் சேர்ந்துவிடும். வழக்கின் மறுபக்கம் பலமானது.

3

குமிழைத் திருகும்போது டிரான்ஸ்மிட்டர் சும்மா இருப்பதில்லை. முள் அசைய வேண்டுமானால் சக்தி வெளியே போகவேண்டும். அந்தச் சக்தி என் அறையிலேயே நின்றுவிடாது. நான் நிதானமாக, ரசித்து, அரை நிமிஷம் முள்ளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அதே அலைவரிசையில் ஒருவர் பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வரும் ஈனமான ஒலியைக் காதை நெருக்கிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு என் கைவண்ணம் ஒரு நீண்ட ஊளை. கைவினையின் இன்பம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதிக்கு விலை கொடுப்பவர் முகம் தெரியாத இன்னொருவர். மூன்று விநாடியில் முடிக்கும் பெட்டி அவர்பால் என்னைவிட மரியாதையாக நடந்துகொள்கிறது. தார்மீகம் பேசவேண்டுமென்றால் இதையும் கணக்கில் எடுத்துத்தான் பேசவேண்டும்.

இன்னொரு விஷயம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். வால்வு காலத்திலிருந்து நிலையம் வைத்திருந்தவர். கைநடுக்கம் வந்து, குமிழை ஓர் இடத்தில் நிறுத்த முடியாமல், இரண்டு வருஷம் ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு அவர் மகன் ஒரு தானியங்கிப் பெட்டியை வாங்கிப் பொருத்திக் கொடுத்தான். ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"கை பழகின வேலை போயிடுச்சேன்னு தோணலையா, ஐயா?"

"கை போச்சு தம்பி. காது இருக்குல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முன்னெல்லாம் முள்ளையே பாத்துக்கிட்டிருப்பேன். இப்ப ஆளைக் கேக்கிறேன்" என்றார்.

கையின் கட்சிக்காரர்கள் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கவனம் என்பது வரம்புள்ள பொருள். முள்ளில் செலவானது மனிதனுக்குக் கிடைக்காது. இயந்திரம் ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அந்தக் கவனத்தை எனக்கு மீட்டுத் தருமானால் அது கெடுதல் அன்று, தானம். ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் கையிலிருந்து விடுபட்ட கவனம் நாற்பது வருஷப் பழக்கத்தில் உருவானது. அதனால்தான் விடுபட்டவுடன் அதற்குப் போக ஓர் இடம் தெரிந்திருந்தது. முதல் நாளே பொத்தானில் தொடங்குகிறவனிடம் இயந்திரம் எதை விடுவிக்கிறது? இல்லாத கவனத்தை விடுவிக்க முடியாது. ஆகவே ஒரே பெட்டி ஒருவருக்கு விடுதலை. இன்னொருவருக்கு, தான் இழந்தது என்னவென்றுகூடத் தெரியாத இழப்பு. பெட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் இதிலிருந்து பெறப்படுகிறது.

4

இதுவரை இரு கட்சிகளும் ஒத்துக்கொள்ளும் ஒன்றை நானும் கேள்வி கேட்காமல் விட்டு வந்திருக்கிறேன். முள் பூஜ்யத்துக்கு வருவது நல்லது என்பது அது.

ஆன்டெனா ட்யூனர் ஆன்டெனாவை ட்யூன் செய்வதில்லை. பெயரே பொய். மாடியிலுள்ள கம்பியில் அது எதையும் மாற்றுவதில்லை. ட்யூனருக்கு அப்பால் கேபிளில் திரும்பி வருவது முன்போலவே திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் கண்ணுக்கு அதை மறைப்பதுதான் ட்யூனரின் வேலை. ஆன்டெனாவை மாற்ற வேண்டுமானால் மாடியேறிக் கம்பியை வெட்டவேண்டும், நீட்டவேண்டும், உயரம் மாற்றிக் கட்டவேண்டும். கையால் திருகினாலும் ரிலே திருகினாலும் நடப்பது ஒரே சமாதானப் பேச்சு.

பூஜ்யம் எதைச் சொல்கிறது? டம்மி லோட் என்று ஒரு சாதனம் உண்டு. 50 ஓம் ரெஸிஸ்டரை எண்ணெய் டப்பாவில் முக்கி வைத்தது போன்ற அமைப்பு. டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க உதவுவது. அதை மாட்டினால் முள் எந்த ட்யூனரும் இல்லாமல் பூஜ்யத்தில் நிற்கும். பரிபூர்ண இசைவு. அனுப்பியதெல்லாம் வெப்பமாகி எண்ணெயைச் சுடவைக்கிறது. பக்கத்துத் தெருவில்கூட ஒருவர் காதிலும் விழாது. இன்னும் விபரீதமான உதாரணம் கேபிள். மழைநீர் உள்ளே இறங்கிக் கெட்டுப்போன கோஆக்ஸியல் கேபிள், தன்னுள் போகும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை, அறுந்து விழுந்துவிட்டது. மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்கு மோதித் திரும்பி, வரும் வழியில் மறுபடி பத்தில் ஒன்பது பங்கை இழந்து, நூற்றில் ஒன்றாக வந்து சேரும். மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்று காட்டும். எந்த ஹாமும் மார்தட்டிக்கொள்ளும் எண். கேபிள் எவ்வளவு கெட்டதோ எண் அவ்வளவு நல்லது.

கைட்யூனரின் பூஜ்யத்திலும் வஞ்சனை உண்டு. இரண்டு கண்டென்சர்களும் நடுவில் காயிலும் உள்ள வழக்கமான அமைப்பில் பூஜ்யம் ஒரே இடத்தில் இல்லை. குமிழ்களின் பல சேர்க்கைகளில் கிடைக்கும். அவற்றில் சில, சக்தியை மாடிக்கு அனுப்புவதற்குப் பதில் காயிலிலேயே எரிக்கும். கண்டென்சர்களைக் கூடியமட்டும் பெரிதாக வைத்துக் கிடைக்கும் பூஜ்யமே நல்ல பூஜ்யம். இதைத் தெரிந்துகொள்ளாமல் குமிழ் திருகுகிறவனுக்கும் பொத்தான் அமுக்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவன் விரல் வலிக்க அறியாமையில் இருக்கிறான்.

வால்டர் மாக்ஸ்வெல் 1973 முதல் க்யூ.எஸ்.டி. இதழில் எழுதிய கட்டுரைத் தொடர் இந்த மாயையை உடைத்தது. 1960இல் ஏவப்பட்ட டைரோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ஆன்டெனா வேலையில் பங்குகொண்டவர் அவர். திரும்பி வருவதெல்லாம் நஷ்டம் என்ற பொதுப் புத்தியை அவர் மறுத்தார். கேபிள் நல்லதாக இருந்தால், திரும்பி வந்தது ட்யூனரில் மோதி மறுபடி மேலே போகும். கடைசியில் ஏறக்குறைய முழுவதும் ஆன்டெனாவிலிருந்தே வெளியேறும். நஷ்டத்துக்குக் காரணம் திரும்பி வருவதன்று. நடுவழியில் அது தின்னப்படுவது. எதிர்ப்பைக் கண்டு அஞ்சி அதை ஒழிக்கும் முயற்சியில் நல்ல ஆன்டெனாக்களை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு இது தேவையாக இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் அமெச்சூர் ரேடியோ நிலையம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. வேறொரு காரணத்துக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் அதை இயக்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி செத்துப்போன தீவுகளிலிருந்து யார் பிழைத்திருக்கிறார்கள் என்ற தகவல் அந்த நிலையம் வழியாகப் பெருநிலத்துக்குப் போயிற்று. அந்த வேளையில் செய்திக்காகக் காத்திருந்த குடும்பங்களில் எதற்காவது முள் எங்கே நின்றது என்பது ஒரு கேள்வியாக இருந்திருக்குமா? கேட்டதா, கேட்கவில்லையா என்பது ஒன்றே அளவுகோல். அது மேஜையிலுள்ள எந்த மீட்டரிலும் இல்லை. மறுமுனையில் இருக்கும் மனிதனிடம் இருக்கிறது.

5

அப்படியானால் கைக்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசமே இல்லையா? ஒன்று இருக்கிறது. இரு கட்சிகளும் அதிகம் பேசாதது.

கைட்யூனரை, ஒரு வார்த்தை அனுப்பாமலே, பெரும்பாலும் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ரிஸீவரைத் திறந்து வைத்துக்கொண்டு, அலைவரிசையில் எப்போதும் இருக்கும் இரைச்சலைக் கேட்டபடியே குமிழ்களைத் திருகவேண்டும். ஓர் இடத்தில் இரைச்சல் பொங்கி எழும். வானம் உள்ளே வந்துவிட்டது போலிருக்கும். ஏறக்குறைய அதுதான் இடம். அதன் பிறகு மிகக் குறைந்த சக்தியில் ஒரு கணம் அனுப்பி மிச்சத்தைச் சரிசெய்தால் போதும். வழக்கமான தானியங்கியால் இது முடியாது. பழைய இடத்தை அது ஞாபகத்திலிருந்து எடுத்துத் தரலாம். ஆனால் புதிதாகத் தேடவேண்டுமானால் அதற்கு என் குரல் வேண்டும். பேசித்தான் அது தெரிந்துகொள்கிறது. கைக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி திறந்திருக்கிறது.

சுருதி சேர்ப்பதில் பழகிய நமக்கு இது புரியாத விஷயமன்று. தம்புராவைச் சேர்க்கிறவரின் காதேதான் அது சேர்ந்ததா என்று தீர்ப்பும் சொல்கிறது. கச்சேரி நடுவே மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சரிசெய்கிறவர் எந்த முள்ளையும் பார்ப்பதில்லை, பாடகரைக் கேட்கிறார். சுருதிப் பெட்டி வந்த பிறகும் காது உள்ளவர் பாட்டு கெட்டுப்போகவில்லை; காது இல்லாதவர் பாட்டை அது காப்பாற்றவும் இல்லை.

ஆனால் கைக்குத் திறந்திருக்கும் இந்த வழியில் எத்தனை பேர் போகிறார்கள்? கைட்யூனர் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளையே வெறிக்கிறார்கள். மோர்ஸில் பேசுகிறவர்களுக்கு க்யூ.ஆர்.எல். என்று ஒரு சிறு வினா இருக்கிறது. இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று பொருள். அதை அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு தானியங்கியை அமுக்குகிறவன், கேட்காமல் குமிழ் திருகுகிறவனைவிட என் மதிப்பில் உயர்ந்தவன். முதலில் கேட்பதே அந்தக் கடமை. கை அதற்கு ஒரு வழியைத் தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. இயந்திரம் அந்த வழியைச் சற்று மறைக்கிறது, தடுப்பதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய தானியங்கித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்பு கிடைத்ததும் ஒருவருக்கொருவர் ஓர் அறிக்கை கொடுப்பது இந்த உலகின் மரபு. மோர்ஸில் மூன்று இலக்கங்கள். முதலாவது, பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டாவது பலம், மூன்றாவது தொனி. ஒன்றிலிருந்து ஒன்பது வரை. மீட்டரால் முடியாததை இந்த அறிக்கை செய்யவேண்டும். நீ எனக்கு எப்படிக் கேட்கிறாய் என்று மறுமுனை மனிதன் உள்ளபடி சொல்வது. என் மாடியிலுள்ள கம்பியைப் பற்றி நான் நம்பக்கூடிய சாட்சி அது ஒன்றுதான். போட்டி நாட்களில் இந்தச் சாட்சி செத்துவிட்டது. எல்லாருக்கும் 599. கம்ப்யூட்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்து ஒரு விசையில் அனுப்பிவிடுகிறது. இரைச்சலில் மூழ்கிக்கொண்டிருப்பவனுக்கும் 599. நேரம் மிச்சமாகிறது, யாரும் வருத்தப்படுவதில்லை, புள்ளி ஏறுகிறது.

இது ரேடியோவோடு நிற்கிற நோயன்று. நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளைப் புரட்டினால் பெரும்பாலும் 599தான். முன்னுரைகளில் 599. நண்பர் கூட்டங்களில் 599. ஒரு கவிஞனுடைய கம்பி அறுந்து கிடக்கிறது என்பதை அவனுக்குச் சொல்ல யாருமில்லை. அவன் மேஜையில் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. எதுவும் திரும்பி வரவில்லை. ஆகவே எல்லாம் போய்ச் சேருகிறது என்று நம்புகிறான். எல்லாம் அவனைச் சுற்றியுள்ள எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறது.

அழைப்புப் பெயரை மூன்று முறை திருப்பிக் கேட்டுவிட்டு, நான்காவது முறை பாதி ஊகத்தில் எழுதிக்கொண்டு, பிறகு 599 என்று அனுப்புகிறவன் பொய் சொல்கிறான். அவன் தன் ஆன்டெனாவைக் கையால் ட்யூன் செய்தானா, இயந்திரத்தால் செய்தானா என்று கேட்க எனக்குத் தோன்றுவதில்லை.